தீயிட்டுக் காக்கும் தோட்டம்

ஒரு சந்தேகம்

கோடைக்காலத்தில் மலையடிவாரச் சாலைகளின் வழியே பயணம் செய்பவர்கள், பீடியையும் தீக்குச்சியையும் அணைக்காமல் எறியாதீர்கள் என்று வனத்துறையார் நட்டுவைத்திருக்கும் பலகைகளைக் கண்டிருப்பார்கள். தீ காட்டுக்குப் பரம சத்துரு என்னும் எண்ணம் அந்தப் பலகைகளை எழுத்துக்கூட்டிப் படிக்கும் வயதிலிருந்தே நம் மனத்தில் வேரூன்றிவிடுகிறது. ஆகையினால், அமெரிக்காவில் விஸ்கான்ஸின் மாநிலத்தின் தலைநகராகிய மாடிசனில், பூங்காவைப் பாதுகாப்பதற்கென்றே சம்பளம் வாங்கும் அதிகாரிகளும், இயற்கை வளப் பாதுகாப்பைப் பழகிக்கொள்ள வந்திருக்கும் இளைஞர்களும், மஞ்சள் சட்டை அணிந்து, ஏப்ரல் மாதத்து நடுப்பகலில் வரிசையாக நின்று, தாங்கள் காக்க வேண்டிய புல்வெளிக்குத் தாங்களே தீ மூட்டுகிறார்கள் என்று கேட்கும்போது, இது என்ன விபரீதம் என்று நமக்குத் தோன்றுவது இயல்பே.

இதில் இரண்டு சந்தேகங்கள் கலந்திருக்கின்றன. எரிந்து கரியாகிவிட்ட புல்வெளியில் காப்பாற்றுவதற்கு மேற்கொண்டு என்ன இருக்கிறது என்பது ஒன்று. அப்படியே தீ வைப்பது அவசியமென்றாலும், அனுபவமில்லாத பயிற்சி மாணவர்களை அதன் அருகில் எதற்காக நிறுத்த வேண்டும் என்பது மற்றொன்று. முதற்கேள்விக்கு விடை மண்ணுக்குள் இருக்கிறது. இரண்டாவது கேள்விக்கு விடை காற்றில் இருக்கிறது.

முப்பது டாலர் மாணாக்கர்

பூங்காக்களிலும் காடுகளிலும் இளைஞர்களைப் பழக்கும் ஏற்பாடு அந்நாட்டில் வறுமையின் வயிற்றிலிருந்து பிறந்தது. 1929-இல் தொடங்கிய பொருளாதார வீழ்ச்சியினால் ஒரு கோடிக்கு மேற்பட்டவர்கள் வேலையின்றித் தவித்தபோது, ஜனாதிபதி ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் 1933-இல் ‘குடிமக்கள் பாதுகாப்புப் படை’ என்ற ஒன்றை அமைத்தார். அதில் சேர்ந்த வாலிபர்களுக்கு உணவும் உடையும் உறைவிடமும் கிடைத்தன. மாதச் சம்பளமாகிய 30 டாலரில் 25 டாலர் நேராக அவர்கள் வீட்டுக்கு அனுப்பப்பட்டது. 1942-இல் அது கலைக்கப்படும்வரை ஏறக்குறைய 30 லட்சம் பேர் அதில் பணியாற்றினார்கள். மரம் நடுதல், மண்ணரிப்பைத் தடுத்தல், பாதை அமைத்தல், காட்டுத்தீயை அணைத்தல் ஆகியவை அவர்களுடைய காரியங்கள். தீயை மூட்டுவது அவற்றில் ஒன்றாகக் கருதப்படவில்லை.

மாடிசனில் அப்படையின் முகாம் ஒன்று 1935 முதல் 1941 வரை இருந்தது. பல்கலைக்கழகம் விலைக்கு வாங்கி 1934-இல் திறந்துவைத்திருந்த பெருந்தோட்டமே அவர்களுடைய களம். இன்று 1,200 ஏக்கர் பரப்புள்ள அந்தத் தோட்டம் பல்கலைக்கழகத்தின் உடைமையேயாயினும், ஊர்மக்கள் விருப்பம்போல் உலவிவரும் பூங்காவாகவே இருந்துவருகிறது. உழுது, குதிரைகளை மேயவிட்டு, பின்பு கைவிடப்பட்ட ஒரு வயல் அதனுள் இருந்தது. வெள்ளையர் குடியேறுவதற்குமுன் அப்பிரதேசமெங்கும் பரவியிருந்த ‘பிரெய்ரி’ என்னும் நெடும்புல்வெளியை, அந்த வயலில் மறுபடி உண்டாக்கிப் பார்ப்பதென்று அங்கிருந்த அறிஞர்கள் தீர்மானித்தார்கள். தியடோர் ஸ்பெரி என்ற தாவரவியலாரின் மேற்பார்வையில், படையைச் சேர்ந்த வாலிபர்கள் தொலைவிலிருந்த எச்சமான புல்வெளிகளிலிருந்து புற்கரணைகளை மண்ணோடு பெயர்த்துக் கொண்டுவந்து நட்டார்கள். அழிந்துபோன ஓர் இயற்கைச் சமூகத்தைத் திரும்ப அமைக்கும் முயற்சிகளில் உலகிலேயே மிகப் பழையவற்றுள் ஒன்றாக அது இன்று மதிக்கப்படுகிறது.

யுத்தம் வந்து படை கலைந்த பிறகு, பூங்காக்களைப் பராமரிக்கக் கைகளும் இல்லை, பணமும் இல்லை. தேசியப் பூங்காக்களை மூடியே விடலாம் என்று 1953-இல் பெர்னார்ட் டிவோட்டோ என்ற எழுத்தாளர் ஒரு பத்திரிகையில் கசப்போடு எழுதினார். அதைப் படித்த எலிசபெத் குஷ்மன் என்ற வாஸர் கல்லூரி மாணவி, மாணவர்களையே அவ்வேலையில் ஈடுபடுத்தலாமே என்ற யோசனையை 1955-இல் தம் பட்டப்படிப்புக் கட்டுரையாக எழுதினார். அந்த யோசனை ஏட்டோடு நின்றுவிடவில்லை. 1957-இல் ஒலிம்பிக், கிராண்ட் டீட்டன் ஆகிய இரண்டு தேசியப் பூங்காக்களில் 53 பேர் தொண்டர்களாகச் சேர்ந்தார்கள். இப்போது ‘இன்டர்ன்’ என்று அழைக்கப்பட்டு, ஒரு பருவமோ ஓர் ஆண்டோ பூங்காக்களில் பணியாற்றிக்கொண்டே கற்கும் மாணவர்கள், அந்தப் படைவீரர்களுக்கும் இந்தத் தொண்டர்களுக்கும் வாரிசுகள்.

மண்ணுக்குள் வாழும் புல்

பிரெய்ரியின் தலைமையான புல்லுக்குப் பெருநீலத்தண்டு என்று நாம் பெயரிட்டுக்கொள்ளலாம். கோடை முடியும் தறுவாயில் அது ஆள் உயரத்தையும் தாண்டி நிற்கும். நம் கண்ணில் படும் அந்தத் தண்டையும் இலையையும் கதிரையுமே புல் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் இருந்த ஜான் வீவர் என்ற தாவரவியலார், ஆள் மறையும் ஆழத்துக்குப் பள்ளங்கள் தோண்டி, பள்ளத்தின் சுவரில் தெரிந்த வேர்களை இழை இழையாகப் பிரித்துச் சித்திரம் வரைந்து வந்தார். பெருநீலத்தண்டின் வேர்கள் இரண்டு மீட்டருக்கும் கீழே இறங்கியிருப்பதை அச்சித்திரங்களில் காணலாம். தண்டும் தாளும் அப்புல்லின் ஓராண்டு உடைமை; ஆண்டுதோறும் நிலைத்திருக்கும் சரீரம் மண்ணின் அடியில் இருக்கிறது.

பனிக்காலம் வந்தவுடன் மேலே உள்ள பாகம் காய்ந்து சருகாகிவிடும். அடுத்த ஆண்டின் முளைகள் மண்மட்டத்திலோ அதற்குச் சற்றுக் கீழோ உறங்கிக்கொண்டிருக்கும். அச்சருகில் தீ பற்றும்போது அதன் உஷ்ணத்தின் பெரும்பகுதி மேல்நோக்கியே செல்கிறது. சுவாலை ஓரிடத்தைக் கடப்பதற்கு அதிக நேரம் பிடிப்பதில்லையாகையால், விரற்கடை ஆழத்துக்குக் கீழே மண்ணின் வெப்பநிலை உயர்வது மிகச் சொற்பம். கரும்பு பயிரிடுகிறவர்களுக்கு இது புதிய சேதியன்று. வெட்டு முடிந்த தோட்டத்தில் சோகையைக் கொளுத்தித் தண்ணீர் பாய்ச்சினால், கட்டையிலிருந்து மறுதாம்பு தளிர்த்து வருவதை அவர்கள் கண்டிருக்கிறார்கள். (சோகையைக் கொளுத்துவது நிலத்துக்கு நல்லதா என்பது தனி வழக்கு, அதில் இப்போது இறங்க வேண்டியதில்லை.) கரும்பும் சோளமும் பெருநீலத்தண்டும் புற்குடும்பத்தின் ஒரே கிளையைச் சேர்ந்த நெருங்கிய உறவினர்கள் என்பதை அறிந்தால், இந்த ஒற்றுமை வியப்பைத் தராது.

மரங்களின் நிலைமை வேறு. மரக்கன்றும் புதர்ச்செடியும் தம் முளைகளை மண்ணுக்கு மேலே, கிளை நுனிகளில் சுமந்துகொண்டு நிற்கின்றன. ஒரு முறை தீ கடந்தால் அவற்றின் பல ஆண்டு வளர்ச்சி வீணாகிவிடும். விஸ்கான்ஸினின் தென்பகுதியில் பெய்யும் மழை மரங்கள் அடர்ந்து வளர்வதற்குப் போதுமானது. ஆயினும் அங்கே பல இடங்களில் காடு மூடாமல் புல்வெளி நிலைத்திருந்தது ஏன் என்றால், மின்னலும், அதைவிடப் பெரும்பான்மையாக ஹோ-சங்க் முதலான பூர்வகுடி மக்களும் மூட்டிய தீ அடிக்கடி வந்துபோனதுதான். வேட்டைக்காகவும், புதுப்புல் தழைக்கட்டும் என்பதற்காகவும் அவர்கள் தீ வைத்தார்கள். குடியேறியவர்கள் அவர்களை அகற்றினார்கள், தீயை நிறுத்தினார்கள், எஞ்சியதை எஃகுக் கலப்பையால் உழுதார்கள். புல்வெளி மாநிலம் என்றே பட்டப்பெயர் பெற்ற இல்லினாய்ஸில், பழைய பிரெய்ரியின் கெடாத பகுதி ஆயிரத்தில் ஒரு பங்குகூட இன்று மிஞ்சவில்லை.

சாம்பலா, சூடா, வெளிச்சமா?

மாடிசனில் நட்ட புல்வெளி முதலில் செழிக்கவில்லை. ஐரோப்பாவிலிருந்து மேய்ச்சலுக்காகக் கொண்டுவரப்பட்டு, கென்டக்கி நீலப்புல் என்று ஊர்ப்பெயரும் சூட்டப்பெற்ற குட்டைப் புல், வயல் முழுவதும் மெத்தைபோல் பரவிப் பூர்வீகச் செடிகளை நெருக்கிக்கொண்டிருந்தது. ஜான் கர்ட்டிஸ், மாக்ஸ் பார்ட்ச் என்ற இரண்டு தாவரவியலாளர், 1940-களில், நிலத்தைச் சிறு பாத்திகளாகப் பிரித்து, சிலவற்றைப் பருவம் மாற்றி மாற்றி எரித்தும், சிலவற்றை எரிக்காமல் விட்டும், ஆண்டுக்கணக்கில் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். எரித்த பாத்திகளில் நீலப்புல் குன்றியதையும் பிரெய்ரிச் செடிகள் இடம்பெற்றதையும் 1948-இல் வெளியான அவர்களுடைய கட்டுரை தெரிவித்தது. இப்போது அந்தப் புல்வெளிக்குக் கர்ட்டிஸின் பெயரே வழங்குகிறது.

இதற்குக் காரணம் காலக்கணக்கு. நீலப்புல் குளிரை விரும்புவது. பனி உருகியவுடன் தழைத்துவிடும். பெருநீலத்தண்டு வெயிலை விரும்புவது. மே மாதம்வரை எழாது. ஏப்ரலில் வைக்கும் தீ, விழித்திருப்பதைச் சுட்டு உறங்குவதை விட்டுவிடுகிறது. அதே தீயை ஜூனில் வைத்தால் பலன் தலைகீழாகும்.

ஆனால் எரித்த இடத்துப் பெருநீலத்தண்டு, தப்பிப் பிழைப்பதோடு நில்லாமல், எரிக்காத இடத்தைக் காட்டிலும் மிகுதியாகக் கதிர்விடுகிறது. ஏன்? நம்மில் யாரைக் கேட்டாலும், சாம்பல் நல்ல உரமல்லவா என்று உடனே பதில் வரும். அந்தப் பதில் சரியாயின், எரிக்காத பாத்தியில் சாம்பலைத் தூவினாலும் கதிர் பெருக வேண்டும். தீயின் சூடுதான் முளையைத் தூண்டுகிறதென்றால், சருகை எரிக்காமல் கையால் அகற்றிய பாத்தியில் கதிர் பெருகக்கூடாது. இவ்விதம் ஒவ்வொரு காரணத்தையும் தனியே பிரித்துச் சோதித்தால், சாம்பலுக்கும் சூட்டுக்கும் இருக்கும் பங்கு சிறிது என்பதும், மேலே மூடிக்கிடந்த சருகு அகன்றதே பெருங்காரணம் என்பதும் புலனாகின்றன. சருகுப் போர்வை நீங்கிக் கரி படிந்த மண் வெயிலை ஈர்த்து விரைவில் சூடாகிறது. இளந்தளிருக்கு வெளிச்சம் தட்டாமல் கிடைக்கிறது. புல்லின் வளர்பருவம் அந்த அளவுக்கு முன்னதாகவே தொடங்கிவிடுகிறது.

பயிற்சி மாணவரின் கல்வியில் இந்தப் பாத்திக் கணக்குக்குப் பெரிய இடம் உண்டு. ஒரு மீட்டர் நீளமும் ஒரு மீட்டர் அகலமும் உள்ள சட்டத்தைக் குறிப்பிட்ட இடங்களில் தரையில் வைத்து, அதனுள் என்னென்ன செடிகள் எவ்வளவு இடத்தைப் பிடித்திருக்கின்றன என்று குனிந்தபடியே எழுதிவருவது அவருடைய கோடைக்கால வேலை. முதுகு வலிக்கும் வேலை அது. எரிப்பது நன்மை செய்ததா என்பதை அறிவதற்கு அதைத் தவிர வேறு உபாயம் கிடையாது.

காற்றின் அனுமதி

எரிப்பதற்கு முன்னால், விதித்த தீ என்று நாம் சொல்லத்தக்க இந்தக் காரியத்துக்கு, எழுத்து மூலமான திட்டம் ஒன்று தயாராகிறது. எந்தத் திசையிலிருந்து, எவ்வளவு வேகத்தில் காற்று வீசலாம், காற்றில் எவ்வளவு ஈரம் இருக்கலாம், எத்தனை பேர், எத்தனை நீர்த்தொட்டி என்பதெல்லாம் அதில் குறிக்கப்பட்டிருக்கும். அவற்றுள் ஒன்று பொருந்தாவிட்டாலும் அன்று தீ இல்லை. வருகிற மாணவர்களில் பலருக்கு முதலில் கிடைக்கும் அனுபவம், எல்லா உபகரணங்களோடும் வயல் ஓரத்தில் காத்திருந்துவிட்டு, தீக்குச்சியைக் கிழிக்காமலே வீடு திரும்புவதுதான். அந்த ஏமாற்றத்தையும் பாடத்திட்டத்தின் ஒரு பகுதியென்றே நான் எண்ணுகிறேன்.

ஈரத்தின் கணக்கு நுட்பமானது. குறிப்பிட்ட வெப்பநிலையில் காற்று தாங்கக்கூடிய நீராவியில் நூற்றுக்கு எத்தனை பங்கு உண்மையில் இருக்கிறது என்பதை ஒப்பு ஈரப்பதம் என்பார்கள். பெருங்கட்டைகள் காயவும் நனையவும் வாரக்கணக்காகும். நூலிழை போன்ற காய்ந்த புல்லோ, சுற்றியுள்ள காற்றின் ஈரத்துக்குத் தக்கபடி ஒரு மணி நேரத்துக்குள் மாறிவிடும். அதனால்தான் காலையில் பற்றவைக்க முடியாத அதே புல், பிற்பகலில் அடக்க முடியாமல் எரிகிறது. ஈரப்பதம் 60-ஐத் தாண்டினால் தீ தட்டுத்தடுமாறும். 25-க்குக் கீழ் இறங்கினால் மூர்க்கமாகும். எண்கள் இடத்துக்கு இடம் சற்று மாறும்.

இதை அளந்து சொல்லும் பொறுப்பு பெரும்பாலும் பயிற்சி மாணவரிடமே ஒப்படைக்கப்படுகிறது. ஒரு கைப்பிடியில் இரண்டு வெப்பமானிகள் பொருத்தியிருக்கும்; ஒன்றின் குமிழைச் சுற்றி நனைத்த துணி. அதைக் காற்றில் சுழற்றினால் துணியிலுள்ள நீர் ஆவியாகி அந்தக் குமிழைக் குளிர்விக்கும். காற்று எவ்வளவு வறண்டதோ அவ்வளவு வேகமாக நீர் ஆவியாகும். ஆகவே இரண்டு வெப்பமானிகளும் காட்டும் அளவுகளுக்கிடையே உள்ள வித்தியாசம் காற்றின் வறட்சியை உணர்த்தும். குறித்த இடைவேளைதோறும் இதைச் சுழற்றி, எண்ணை வானொலிக் கருவியில் சொல்ல வேண்டும். எண் எல்லை மீறினால், தீ நடத்தும் தலைவர் எவ்வளவு மூத்தவராயினும் வேலையை நிறுத்தியாக வேண்டும்.

இத்தனை ஜாக்கிரதைக்கும் காரணம் உண்டு. பிரெய்ரியை மறுபடி உண்டாக்கும் யோசனையை வளர்த்தவர்களுள் ஒருவரும், மாடிசன் பல்கலைக்கழகத்துப் பேராசிரியருமான ஆல்டோ லியோபோல்ட், 1948 ஏப்ரல் 21-ஆம் தேதி, பக்கத்து நிலத்தில் கட்டுக்கடங்காமல் பரவிய புல்தீயை அணைக்கப் போராடிக்கொண்டிருந்தபோது மாரடைப்பினால் மரணமடைந்தார். எரிப்பதைப் பற்றிய கர்ட்டிஸின் கட்டுரை வெளியானதும் அதே ஆண்டில்தான்.

பத்து ஏக்கர்: ஓர் உதாரணம்

பத்து ஏக்கர் பரப்புள்ள சதுரமான புல்வெளி ஒன்றை எரிக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அதன் ஒவ்வொரு பக்கமும் ஏறத்தாழ 200 மீட்டர் இருக்கும். தெற்கே வாகனங்கள் ஓயாமல் ஓடும் நெடுஞ்சாலை; கர்ட்டிஸ் புல்வெளிக்கும் தெற்கே அப்படி ஒரு சாலை இருக்கிறது. சாலையில் புகை கவிந்தால் விபத்து நேரும். ஆகவே காற்று தெற்கிலிருந்து வடக்கு நோக்கி வீசும் நாளைத் தேர்ந்தெடுக்கிறோம். நான்கு ஓரங்களிலும் புல்லை ஒட்ட வெட்டி, நம் வனத்துறையார் தீத்தடுப்புக் கோடு என்று கூறும் வெற்றுப் பாதையை முன்பே அமைத்தாயிற்று.

எந்த ஓரத்தில் முதலில் தீ வைப்பது? தெற்கு ஓரத்தில் வைத்தால் காற்று தீயைத் தள்ளிக்கொண்டே செல்லும். நிமிஷத்துக்கு 50 மீட்டர் செல்வதாகக் கொண்டால், 200 மீட்டரை நான்கே நிமிஷங்களில் கடந்து, ஆளுயரத்துக்கு மேற்பட்ட சுவாலையோடு வடக்கு எல்லையில் மோதும். வெறும் பாதை அதைத் தடுக்காது. ஆகையால் வடக்கு ஓரத்தில்தான் தொடங்குகிறார்கள். டீசலும் பெட்ரோலும் கலந்த எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக எரித்து விழச்செய்யும் தீச்சொட்டியை ஏந்தி ஒருவர் ஓரமாகவே நடந்து செல்ல, அந்தத் தீ காற்றை எதிர்த்துத் தெற்கு நோக்கி ஊர்கிறது. எதிர்த்தீயின் சுவாலை குட்டையானது, அதன் நடை மெதுவானது. நிமிஷத்துக்கு ஒரு மீட்டர் என்று கொள்வோம். இருபது நிமிஷங்களில் வடக்கு ஓரம் முழுவதும் 20 மீட்டர் அகலத்துக்குக் கருகிவிடும்.

அப்படியே விட்டால் முழு வயலும் எரிய மூன்று மணி நேரத்துக்கு மேலாகும். அதற்குள் காற்று திசை மாறிவிடலாம். தவிரவும், மெதுவாக ஊரும் தீ ஒரே இடத்தில் அதிக நேரம் தங்கி அடிமண்ணை வாட்டுகிறது. ஆகவே கரும்பட்டை வேண்டிய அகலத்தை அடைந்ததும் கிழக்கு, மேற்கு ஓரங்களைப் பற்றவைத்து, கடைசியாகத் தெற்கு ஓரத்தில் தீ வைக்கிறார்கள். இப்போது காற்று அதைத் தூக்கிச் செல்கிறது. மிஞ்சியுள்ள 180 மீட்டரையும் நான்கு நிமிஷங்களுக்குள் ஆர்ப்பரித்துக் கடந்து, வடக்கே கருகிய பட்டையை அடைந்ததும், தின்ன ஒன்றுமின்றி அது தானே அவிந்துவிடுகிறது. முதல் தீ இரண்டாம் தீக்குக் கரை கட்டிவைத்தது. தண்ணீர் காவலுக்கு மட்டுமே.

பயிற்சி மாணவரின் இடம் வடக்கு ஓரம். முதுகில் சுமார் 20 லிட்டர் நீருள்ள கைப்பம்புப் பை. கையில் நீண்ட காம்பின் நுனியில் ரப்பர்த் தகடு பொருத்திய தீயடிப்பான். நைலான் போன்ற செயற்கை இழை உருகித் தோலில் ஒட்டிவிடுமாதலால் உள்ளாடைவரை பருத்தி. மேலே தீயை எளிதில் ஏற்காத நோமெக்ஸ் சட்டை. வாழ்நாளில் முதன்முறையாக இவ்வளவு பெரிய தீயைக் காணும் அந்த இளைஞனுக்கு அதையே பார்த்துக்கொண்டிருக்க ஆசை பொங்கும். அவனுக்கு இட்ட கட்டளையோ அதற்கு முதுகைக் காட்டி, எரியக்கூடாத வெளிப்புறத்தைப் பார்த்து நிற்க வேண்டும் என்பது. பறந்து விழும் ஒரு பொறி அங்கேதான் பற்றும். அனுபவமில்லாதவரை ஏன் நிறுத்துகிறார்கள் என்ற கேள்விக்கு இதுவே விடை: தீயைப் பார்க்காமல் நிற்கும் பழக்கத்தைப் புத்தகத்திலிருந்து யாரும் பெற்றுவிட முடியாது. எல்லாம் அணைந்த பின்னும் வேலை ஓயாது. ஓரத்திலுள்ள கட்டைகளையும் வேர்முண்டுகளையும் கையுறையைக் கழற்றிப் புறங்கையால் தடவி, உள்ளே கனல் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகச் சோதிப்பார்கள்.

எரிக்காமல் விட்டதும், எரித்ததால் முளைத்ததும்

ஓர் ஆண்டில் புல்வெளி முழுவதையும் எரிப்பதில்லை. வண்ணத்துப்பூச்சிகள், வண்டுகள் முதலிய எத்தனையோ பூச்சிகளின் முட்டைகளும் புழுக்களும் அந்தச் சருகிலும் காய்ந்த தண்டுகளுக்குள்ளும் குளிர்காலத்தைக் கழிக்கின்றன. முளை மண்ணுக்குள் இருக்கும் சௌகரியம் அவற்றுக்கு இல்லை. செடிகளை நோக்கி அடிக்கடி எரிக்க வேண்டும் என்போருக்கும், பூச்சிகளை நோக்கிச் சற்றுப் பொறுக்க வேண்டும் என்போருக்கும் நெடுங்காலமாக விவாதம் நடந்துவருகிறது. வயலைத் துண்டுகளாக்கி மாறி மாறி எரிப்பது இரு சாராரும் ஒருவாறு ஒப்புக்கொள்ளும் சமாதானம்.

தீக்கு இன்னொரு குறையும் உண்டு. இனிப்புக் குளோவர் என்ற செடி, மாட்டுத் தீவனத்துக்காகவும் தேனீக்களுக்காகவும் பழைய உலகிலிருந்து அங்கே கொண்டுவரப்பட்டது. அதன் கெட்டியான விதை இருபது ஆண்டுகளுக்கும் மேல் மண்ணில் உயிரோடு கிடக்கும். நீலப்புல்லை ஒடுக்கும் அதே ஏப்ரல் தீ, இந்த விதையின் தோலை இளக்கிக் கூட்டங்கூட்டமாக முளைக்கச் செய்துவிடுகிறது. முதலாண்டில் சிறு செடியாக அடங்கியிருந்து, இரண்டாம் ஆண்டில் பிரெய்ரிப் புல்லோடு போட்டியிட்டு உயர்ந்து பூக்கும். மறு ஆண்டும் அதே இடத்தை, இம்முறை செடி மேலெழுந்த பின் மே மாதத்தில், எரித்தால் பெரும்பகுதி ஒழியும். ஆனால் அதற்குள் எழுந்துவிட்ட நல்ல செடிகளும் சில அடிபடும்.

ஆகவே மிச்சத்தைக் கையால் பிடுங்குகிறார்கள். ஜூன், ஜூலை மாதங்களில் பூத்துக் காய்ப்பதற்குள், மழை பெய்து மண் இளகியிருக்கும் நாட்களில், மாணவர்கள் ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குக் கை நீட்டும் தூரத்தில் வரிசையாக நடந்து, வேரோடு இழுத்தெடுப்பார்கள். காய் பிடித்துவிட்ட செடியை அங்கேயே எறிந்தால் அது கிடந்தபடியே முற்றி விதை சிந்தும். அதனால் அவற்றைப் பையிலிட்டு வெளியே எடுத்துச் செல்வார்கள். எந்த மூலையிலிருந்து எத்தனை பை வந்தது என்பதையும் எழுதிவைப்பது வழக்கம். அடுத்த வசந்தத்தில் எந்தத் துண்டை எரிப்பது, எதை விடுவது என்று திட்டம் வகுக்கும்போது அந்தக் கணக்கு தேவைப்படும்.